மருந்துப் புட்டிக்கு முன் ஒரு லென்ஸ்

உங்கள் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ தொட்டியில் வளரும் செம்பருத்திச் செடி ஒன்று இருக்கிறதா? இருந்தால், இந்தப் பக்கத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் அதனருகே போய் வாருங்கள். நுனிக் கொழுந்தைப் பாருங்கள். இலைகளைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். அரிசி மாவை அள்ளித் தெளித்தது போல வெள்ளை வெள்ளையாக ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கொழுந்து விரியாமல் சுருண்டு முடிச்சு முடிச்சாக இருக்கிறதா? தண்டின் மேல் எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றனவா? அப்படியானால் உங்கள் செடியில் மாவுப்பூச்சி குடியேறிவிட்டது.

இனி என்ன நடக்கும் என்பதையும் என்னால் சொல்ல முடியும். வீட்டில் யாராவது ஒருவர், "கடையில் மருந்து விற்கிறது, வாங்கி அடித்தால் போயிற்று" என்பார். ஒரு சிறிய புட்டி வீட்டுக்குள் வரும். அதில் சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து அடித்தபின் மீதி என்ன ஆகும்? பரணிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ, குளியலறை ஜன்னல் விளிம்பிலோ பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும். மேல்தாள் உரிந்து, அதில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

அந்தப் புட்டி வீட்டுக்குள் வரவே வேண்டாம் என்பது என் கட்சி. பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் வைத்திருக்கும் ஒரு வீட்டுக்குப் பூச்சி நஞ்சு தேவையில்லை. இதை நான் பூச்சிகளின் மீதுள்ள கருணையினால் சொல்லவில்லை. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அளந்து பார்க்காமல் எதையும் செய்யாதே என்று மாணவர்களுக்கு ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பவன். அப்படிப்பட்ட நானே என் வீட்டு மொட்டை மாடியில் பார்க்காமல் செயல்பட்டு அவமானப்பட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் 4 செம்பருத்திச் செடிகள் இருந்தன. மாவுப்பூச்சி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மருந்தடித்தேன். முதல் வாரம் பூச்சிகள் செத்தன. மூன்றாம் வாரம் திரும்பி வந்தன. ஆறாம் வாரம் முன்பைவிட அதிகமாக இருந்தன. மருந்தோடு கைவேலையும் சேர்ந்தால் நல்லது என்று எண்ணி, பூச்சிகளிலேயே மிகப் பெரியவற்றைக் குச்சியால் எடுத்து மண்ணெண்ணெயில் போட ஆரம்பித்தேன். சாதாரணப் பூச்சி 3 மில்லிமீட்டர் இருந்தால் இவை 1 சென்டிமீட்டருக்கும் மேல் இருந்தன. உடல் முழுவதும் நீண்ட வெள்ளைச் சடை. இவைதாம் தாய்ப்பூச்சிகள், இவற்றை ஒழித்தால் வம்சமே ஒழிந்துவிடும் என்பது என் கணக்கு.

ஒருநாள் வீட்டுக்கு வந்த எங்கள் கல்லூரி விலங்கியல் ஆசிரியரிடம் பெருமையாக அந்த மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரரை இல்ல பிடிச்சு அடிச்சிருக்கீங்க!" என்றார்.

அவை மாவுப்பூச்சிகள் அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள். கிரிப்டோலேமஸ் என்பது அந்த வண்டின் பெயர். ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்த வண்டு, காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிப்பதற்காக 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த வேலையைவிட மாவுப்பூச்சியைத் தின்னும் வேலையில்தான் அது பெயர் வாங்கியது. வளர்ந்த வண்டு கரும்பழுப்பு நிறம். தலையும் பின்முனையும் மட்டும் ஆரஞ்சு நிறம். ஆனால் அதன் புழு வெள்ளை மெழுகுச் சடையோடு மாவுப்பூச்சியைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டிருக்கும். வேறுபாடு காண்பது கடினமும் அல்ல. மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒரே இடத்தில் அலகைக் குத்திக்கொண்டு கிடக்கும். புழுவோ உருவத்தில் பல மடங்கு பெரியது, சடை நீளமானது, சுறுசுறுப்பாக நடக்கும். இரண்டு நிமிடம் நின்று பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் நிற்கவில்லை.

ஆறு வாரம் நான் அடித்த மருந்தும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது. இதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். செடியில் 1,000 பெண் மாவுப்பூச்சிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து நூற்றுக்கு 99 வீதம் கொல்கிறது; மீதி 10. மாவுப்பூச்சி பஞ்சு போன்ற ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அவற்றில் பலவும் அழிந்து, தாய் ஒன்றுக்கு 100 பெண் குஞ்சுகள் மட்டும் தப்பிப் பிழைத்தாலும், அடுத்த தலைமுறையில் மறுபடியும் 1,000. நம் ஊர் வெயிலில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். இதே மருந்து பொறிவண்டுகளையும் கொல்கிறது. செடியில் 20 வண்டுப் புழுக்கள் இருந்தால், 99 வீதம் கணக்கில் ஒன்றுகூட மிஞ்சாது. முன்பு தின்பவர் இருந்தனர், இப்போது இல்லை. ஆகவே மாவுப்பூச்சி பழைய எண்ணிக்கையோடு நிற்கவும் காரணமில்லை. மருந்து கலப்படம் என்று கடைக்காரரோடு நான் போட்ட சண்டைக்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

சரி, நஞ்சு வேண்டாம் என்றால் வேறென்ன செய்வது? அதற்கு முதலில் இந்தப் பூச்சி எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் என் பாடம் உதவிக்கு வருகிறது.

இலை தயாரித்த சர்க்கரை, தண்டிலுள்ள புளோயம் குழாய்கள் வழியாகக் கீழே இறங்குகிறது என்று தாவரவியலில் படித்திருப்பீர்கள். அந்தச் சாறு குழாயில் சும்மா வழிந்தோடுவதில்லை. வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு வரை அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. லாரி டயரைவிட அதிகம்! மாவுப்பூச்சியும் அதன் உறவான அசுவினியும் தலைமயிரைவிட மெல்லிய அலகைச் சரியாக அந்தக் குழாய்க்குள் செலுத்திவிடுகின்றன. அதன்பின் உறிஞ்சும் சிரமம் அவற்றுக்கு அதிகம் இல்லை. சாறு தானே பீறிட்டு வருகிறது. 1953-இல் கென்னடி, மிட்லர் என்ற இருவர் சாறு குடித்துக்கொண்டிருந்த அசுவினியின் உடலை வெட்டி நீக்கிவிட்டு, செடியில் குத்தியிருந்த அலகை மட்டும் விட்டுவைத்தார்கள். வெட்டிய அலகின் நுனியிலிருந்து சாறு மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருந்தது. தாவர விஞ்ஞானிகள் புளோயம் சாற்றைத் தூய்மையாகச் சேகரிக்க இன்றும் இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம். புரதம் ஆக்கத் தேவையான அமினோ அமிலங்களோ சொற்பம். தேவையான அமினோ அமிலம் கிடைக்கும்வரை பூச்சி குடித்துக்கொண்டே இருக்கிறது; மிஞ்சும் சர்க்கரை நீரைப் பின்புறமாக வெளியேற்றுகிறது. இலை பிசுபிசுவென்று இருப்பது இதனால்தான். அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலை கரி பூசியது போல் ஆவதும் இதனால்தான். எறும்பு வருவதும் இதற்காகத்தான். எறும்பு சர்க்கரை நீரைக் குடித்துவிட்டுச் சும்மா போவதில்லை. பால் மாட்டைக் காப்பது போல மாவுப்பூச்சியைக் காக்கிறது. பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டுகிறது.

பூ நிறையப் பூக்கட்டும் என்று சிலர் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் சாற்றில் அமினோ அமிலமும் மிகும். செடிக்கு வைத்த விருந்து பூச்சிக்குப் போய்ச் சேருகிறது. எனவே முதல் வைத்தியம் உர டப்பாவை மூடி வைப்பது. இரண்டாவது எறும்பைத் தடுப்பது.

எறும்பைத் தடுக்க நம் வீடுகளில் ஒரு பழைய வழி உண்டு. பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவோம் அல்லவா? தொட்டியையும் தண்ணீர்த் தட்டில் இரண்டு செங்கல் துண்டுகளின் மேல் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஆனால் ஜாக்கிரதை! அந்தத் தட்டுத் தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அந்தக் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ முடியாதவர்கள் தட்டு வைக்க வேண்டாம். தொட்டியின் வெளிப்புறத்தில் வாசலினையோ கிரீஸையோ இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாகப் பூசிவிடுங்கள். செடியின் கிளை சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் எறும்பு அந்தப் பாலத்தின் வழியே வந்துவிடும்.

இனி மாவுப்பூச்சியின் மாவுக்கு வருவோம். அது மாவு அல்ல, மெழுகு. ஏன் ஒரு பூச்சி மெழுகைச் சுமந்து திரிய வேண்டும்?

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. பக்கமுள்ள 1,000 சிறு கனசதுரங்களாக வெட்டினால், பொருளின் அளவு மாறவில்லை. மொத்த மேற்பரப்போ 60 சதுர செ.மீ. ஆகிவிடுகிறது. அதாவது, உருவம் சிறுக்கச் சிறுக்க உடலிலுள்ள நீரின் அளவுக்கு மேற்பரப்பு மிக அதிகம். தண்ணீர் ஆவியாவது மேற்பரப்பிலிருந்துதானே? நம்மைப் போல வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றால் ஒரு சிறு பூச்சி விரைவில் உலர்ந்து சருகாகிவிடும். ஆகவே அதன் தோலின்மேல் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. மாவுப்பூச்சி இன்னும் ஒரு படி மேலே போய் மெழுகுத் தூளையே போர்த்திக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் நீர் வெளியே போகாது. வெளியே இருக்கும் நீர் உள்ளே வராது.

சொட்டுக் குழாயால் மாவுப்பூச்சிக் கூட்டத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பது போல முத்தாக நின்று உருண்டு ஓடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 0.072 நியூட்டன். அந்த விசை துளியை உருண்டையாக இறுக்கிப் பிடிக்கிறது. மெழுகோ நீரை ஈர்ப்பதில்லை. இப்போது தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். சோப்பு பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. சொட்டு நிற்காது, பரவும், மெழுகுத் தூளுக்கு இடையே இறங்கும், வெள்ளைக் கூட்டம் கண்ணெதிரே நனைந்து நிறம் மாறும். பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடலின் இரு பக்கமும் உள்ள சிறு துளைகளின் வழியாகத்தான் சுவாசிக்கிறது. வெறும் தண்ணீர் நுழைய முடியாத அந்தத் துளைகளுக்குள் சோப்பு நீர் நுழைகிறது. மெழுகும் கலைகிறது.

நான் நஞ்சை வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். சோப்பு நீர் பூச்சியைத் தாக்கும் இடம் எது? நமக்கும் அதற்கும் வேறுபாடு உள்ள இடம்: அதன் சிறிய உருவம், மெழுகு, சுவாசத் துளைகள். கடையில் நெடுங்காலமாக விற்றுவந்த ஆர்கனோ பாஸ்பேட் வகை மருந்துகள் தாக்கும் இடம் எது? நரம்பில் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம். அது பூச்சியின் நரம்பிலும் இருக்கிறது, பொறிவண்டின் நரம்பிலும் இருக்கிறது, உங்கள் நரம்பிலும் உங்கள் தம்பியின் நரம்பிலும் இருக்கிறது. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகள் 23 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் இருந்ததை ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. அது வயலில் அடிக்கும் பூச்சி மருந்து, நான் சொன்ன இதே வகையைச் சேர்ந்தது. உணவு இருக்கும் கூரையின் கீழ் இத்தகைய பொருள் இருக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை.

பிற்காலத்தில் வந்த மருந்துகள் சில, பாலூட்டிகளைக் காட்டிலும் பூச்சியையே அதிகம் தாக்கும்படி செய்யப்பட்டவை. அதை மறுக்கவில்லை. எனினும் அவற்றில் பல, பூச்சிக்கும் பொறிவண்டுக்கும் இடையே வேறுபாடு பார்ப்பதில்லை. கணக்கு முன்போலவே நிற்கிறது.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு புட்டி இருந்தால் அதன் மேல்தாளைப் படித்துப் பாருங்கள். தொட வேண்டாம், பெரியவர்களை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சாய்வாக நிறுத்திய ஒரு சதுரம் அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் தாங்கள் தெளித்தது எந்த நிறம் என்று தெரிந்தால் உங்கள் வீட்டார் திடுக்கிடலாம்.

சோப்பு என்றதும் துணி துவைக்கும் டிடர்ஜென்ட் தூளை எடுத்துவிடாதீர்கள்; அதிலுள்ள மற்ற உப்புகள் இலையைக் கருக்கும். கொழுப்பிலிருந்து செய்த பழைய மாதிரிக் கட்டிச் சோப்பைச் சீவி, ஒரு லிட்டருக்கு 5 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடின நீரானால் சோப்பு திரிந்து வீணாகும்; மழைநீரோ குடிநீரோ நல்லது. முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இலை வாடவில்லை என்றால் மாலை வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்புறமும் கணுக்களும் நனையும்படி அடியுங்கள். காய்ந்துவிட்டால் சோப்புக்கு வேலை முடிந்தது; அதன்பின் அது எதையும் கொல்லாது. ஆகவே வண்டுகள் பின்னால் வந்து மீதியைத் தின்னலாம். வண்டுப் புழுவை அடிக்கும்போதே கண்டால் அதை ஒரு தாளில் ஏந்தி அப்பால் வைத்துவிடுங்கள். பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைகளைச் சோப்பு தொடாது என்பதால் வாரம் ஒருமுறை மூன்று வாரம் செய்ய வேண்டும். நுனிக் கொழுந்து முழுவதும் சுருண்டுபோயிருந்தால் கத்தரித்துப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.

வேப்பெண்ணெயும் நல்லதுதான். எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெயை அடித்துப் பால் போல் ஆக்கிக்கொண்டு பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி போதும். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சி சட்டை உரிப்பதைக் கெடுக்கிறது.

ஆனால் "இயற்கையானது எல்லாம் நல்லது" என்ற வாதத்துக்கு நான் வரமாட்டேன். புகையிலையை ஊறவைத்த நீரைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். அதில் இறங்குவது நிகோட்டின். தோலின் வழியாகவே உடம்புக்குள் போகும் கொடிய நஞ்சு. செடியிலிருந்து வந்தது என்பதால் அதன் குணம் மாறிவிடுமா? நம் பாட்டிமார் அவரைக் கொடியில் அசுவினிக்கு அடுப்புச் சாம்பல் தூவினார்களே, அதை வேண்டுமானால் செய்து பாருங்கள். நுண்ணிய உலர்ந்த தூள்கள் பூச்சியின் மெழுகைச் சிராய்த்தும் உறிஞ்சியும் அதை உலரவைக்கும். கனசதுரக் கணக்கு தெரியாமலே அவர்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு மாணவர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, விவசாயிகள் மருந்தடிக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?" நியாயமான கேள்வி. 5 ஏக்கர் மரவள்ளியை எவரும் இலை இலையாகத் திருப்பிச் சோப்பு போட முடியாது. அவர்களுடைய கணக்கு வேறு. பயிர் போனால் கடன் நிற்கும். உங்கள் செம்பருத்தி செத்துப்போனால் போகட்டும், இன்னொரு குச்சியை நட்டால் துளிர்க்கும். ஆனால் அந்த மரவள்ளி வயல்களிலேயே என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள்.

2008-இல் கோயம்புத்தூரில் புதியதொரு மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி அது. எப்படியோ கடல் கடந்து வந்துவிட்டது. வந்த இடத்தில் அதைத் தின்னும் அதன் ஊர் எதிரிகள் இல்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு நாட்டு வயல்களில் பரவியது. வீட்டுச் செம்பருத்தியையும் விடவில்லை. மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். திரும்பத் திரும்ப வந்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு மூன்று வகைக் குளவிகள் தருவிக்கப்பட்டன. அவற்றுள் நன்கு நிலைத்தது அசிரோபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் பயப்படாதீர்கள். அது 1 மில்லிமீட்டர்கூட இல்லை, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயே இருந்து தின்று வளர்ந்து, துளையிட்டு வெளியே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் விட்டது. மருந்தால் அடங்காத பூச்சி அதன்பின் அடங்கியது.

அந்தக் குளவியின் வம்சம் உங்கள் மொட்டை மாடிக்கும் வரலாம். பழுப்பு நிறமாக உப்பி, விறைத்து, வட்டமான சிறு துளையோடு செத்துக்கிடக்கும் மாவுப்பூச்சியை லென்ஸில் கண்டால், அங்கே ஏதோ ஒரு குளவி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள். அந்தச் செடியில் சோப்பைக்கூட நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன் நான்.

வீட்டுக்குள் கூடத்திலும் ஜன்னலோரத்திலும் வைக்கும் செடிகளின் நிலை சற்று வேறு. அங்கே வண்டும் வராது, குளவியும் வராது, மழையும் விழாது. அதனால் அவற்றுக்கு வரும் முக்கியத் தொல்லை சிலந்திப்பேன். இலையில் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. இலையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். தூசி நடந்தால் அது சிலந்திப்பேன்! அரை மில்லிமீட்டர் உருவம், கால்கள் எட்டு. பூச்சியே அல்ல என்பதால் பல பூச்சி மருந்துகள் அதை அசைப்பதில்லை. அதன் எதிரிகளைத்தான் கொல்கின்றன. 1940-களின் பிற்பகுதியில், டி.டி.டி. அடித்த ஆப்பிள் தோட்டங்களில் அதுவரை பெரிய தொல்லை தராத சிலந்திப்பேன்கள் இப்படித்தான் பெருகின. டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்ததற்காகப் பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்த அதே காலத்தில்!

சிலந்திப்பேனுக்கு வெப்பமும் வறட்சியும் பிடிக்கும், ஈரம் பிடிக்காது. மழை பெய்யும்போது அந்தத் தொட்டிகளைத் தூக்கி வெளியே வையுங்கள். 5 மி.மீ. விட்டமுள்ள ஒரு மழைத்துளி நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். அரை மில்லிமீட்டர் உயிருக்கு அது நம்மீது ஒரு தண்ணீர் லாரி மோதுவது போல. மழை இல்லாத மாதங்களில் குழாயை விரலால் பாதி அடைத்து இலையின் அடிப்புறத்தில் பீய்ச்சினால் அதே பலன் கிடைக்கும்.

லென்ஸ் எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் அறிவியல் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் மெல்லிய செம்புக் கம்பியின் நுனியை 3 மி.மீ. வளையமாக முறுக்கித் தண்ணீரில் தோய்த்து எடுங்கள். வளையத்தில் நிற்கும் நீர்த்துளியே லென்ஸ். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சோப்பு பட்ட விரலால் தொட்டால் துளி நிற்காது. ஏன் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

என்னுடைய 4 செடிகளில் ஒன்று செத்துவிட்டது. மற்ற மூன்றும் இருக்கின்றன. இரண்டொரு கொழுந்தில் மாவுப்பூச்சியும் இருக்கிறது. நானும் அதை முழுவதும் ஒழிக்க முயல்வதில்லை, அது இல்லாவிட்டால் வண்டு ஏன் வரும்? சென்ற மாதம் ஓர் இலையின்மேல் 5 மி.மீ. அளவில் ஒரு கூட்டுப்புழுவைக் கண்டேன். கண், மூக்கு, வாய் எல்லாம் வரைந்தது போல, அச்சு அசல் குரங்கு முகம். ஸ்பால்ஜிஸ் என்ற சிறு பட்டாம்பூச்சியின் கூடு அது. பட்டாம்பூச்சிப் புழு இலையைத் தின்னும் என்று நாம் எல்லோரும் படித்தோம். இதன் புழு இலையைத் தொடுவதில்லை. மாவுப்பூச்சியைத் தின்கிறது, அதுவும் மாவு மெழுகைப் போர்த்திக்கொண்டு. விலங்கியல் ஆசிரியருக்குப் போன் செய்தேன். மறுநாள் கல்லூரிக்குப் போகும் வழியில் லென்ஸோடு வந்து, வெகுநேரம் அந்தத் தொட்டியருகே குந்தியிருந்தார். அன்று இருவருக்கும் முதல் வகுப்பு தாமதமாயிற்று.